தசையும் குருதியும் நரம்பும்: டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

பள்ளி விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் ஓட்டப்பந்தயம் நடைபெறுகிறது. ஊதல் ஒலித்ததும் மாணவியர் அம்பெனப் பாய்கின்றனர். நாம் கைதட்டி முடிப்பதற்குள் பந்தயம் முடிந்துவிடுகிறது. அந்தச் சில விநாடிகளில் கால் தசைகள் பலமுறை சுருங்கி விரிகின்றன. மூளையின் கட்டளையை நரம்புகள் தசைகளுக்குக் கொண்டு சேர்க்கின்றன. மூச்சை இழுத்து உயிர்வளியைக் குருதியில் சேர்த்து, அதைத் தசைக்கு அனுப்பி ஆற்றல் பெறுவதற்கு அங்கே நேரமில்லை. அப்படியானால் அந்த முதற்பாய்ச்சலுக்கு வேண்டிய ஆற்றல் எங்கிருந்து வந்தது?

1927-ஆம் ஆண்டு வரை இக்கேள்விக்குச் சரியான விடை எவருக்கும் தெரியாது. விடைக்கு வழி கண்டவர்களுள் ஒருவர், பழைய சென்னை மாகாணத்தில் பிறந்து, மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறையில் தேறிய ஓர் ஏழை மாணவர். அவரே டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். நம் தசைகள் உழைப்பது எவ்வாறு, நம் குருதி செம்மையாக இருக்க எந்தச் சத்து வேண்டும் என்பவற்றை ஆராய்ந்து, தம் வாழ்நாளையே அதற்குச் செலவிட்டவர். நாம் நாள்தோறும் பயன் பெற்றும் பெயரை மறந்துவிட்ட அப்பெருமகனாரின் வரலாற்றை இங்கே காண்போம்.

கோதாவரிச் சமவெளியில்

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு சனவரி 12-ஆம் நாள் பீமவரம் என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் இன்று ஆந்திர மாநிலத்தில் உள்ளது. அன்றோ பீமவரமும் நம் பரங்கிப்பேட்டையும் ஒரே சென்னை மாகாணத்தின் ஊர்கள். வெள்ளாறு கடலோடு கலக்குமிடத்தில் நம் ஊர். கோதாவரியின் கழிமுகச் சமவெளியில் அவர் ஊர். இரண்டும் நெல் விளையும் பூமியைச் சார்ந்தவை. இரண்டிலும் சோறே மக்களின் முதன்மை உணவு.

தந்தை ஜகந்நாதம் வருவாய்த் துறையில் பணியாற்றியவர். உடல்நலக் குறைவால் பணியிலிருந்து முன்கூட்டியே விலகினார். குடும்பம் வறுமையில் விழுந்தது. தாயார் வெங்கம்மா மன உறுதி மிக்கவர். தம் நகைகளை விற்றும் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர் என்று வாழ்க்கை வரலாறு கூறுகிறது.

சிறுவன் சுப்பாராவுக்கோ படிப்பில் மனம் செல்லவில்லை. பதின்மூன்றாம் வயதில், காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டான். தாயார் விடவில்லை. தேடிப் பிடித்து அழைத்து வந்து மீண்டும் பள்ளியில் சேர்த்தார். இரண்டு முறை மெட்ரிகுலேஷன் தேர்வில் தோற்றபோதும் அந்த அன்னை சோர்ந்துவிடவில்லை. சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாம் முறை எழுதித் தேறினார் மைந்தர். அன்று அத்தாய் மனம் தளர்ந்திருந்தால், உலகம் ஓர் அறிஞரை இழந்திருக்கும். காசியில் ஒரு பழக்கடை கூடியிருக்கும்!

சென்னையில் மருத்துவக் கல்வி

மாநிலக் கல்லூரியில் படிக்கும்போது சுப்பாராவின் உள்ளம் துறவை நாடியது. இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து தொண்டு செய்ய விரும்பினார். தாயார் இசைவு தரவில்லை. மருத்துவராகியும் மக்களுக்குத் தொண்டு செய்யலாம் என்று எண்ணிச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்பவர் பொருளுதவி புரிந்தார். அவருடைய மகள் சேஷகிரியைச் சுப்பாராவ் 1919-ஆம் ஆண்டில் மணந்துகொண்டார்.

அது விடுதலை வேட்கை கொழுந்துவிட்ட காலம். சுப்பாராவ் கதராடை அணியத் தொடங்கினார். அறுவை மருத்துவ வகுப்புக்கும் கதர் அங்கியிலேயே சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு இது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியிருந்தும், அவருக்கு முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதனினும் குறைந்ததாகக் கருதப்பட்ட எல்.எம்.எஸ். பட்டமே வழங்கப்பட்டது. அரசு மருத்துவப் பணியும் கைகூடவில்லை. சென்னையில் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி தொடர்புகொண்டிருந்த ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் வேலையை ஏற்றுக்கொண்டார்.

இக்காலத்தில்தான் அவர் வாழ்வையே திருப்பிவிட்ட துயரம் நேர்ந்தது. ஸ்ப்ரூ என்று ஒரு நோய் உண்டு. வெப்ப நாடுகளில் காணப்படுவது. குடல், உண்ட உணவிலுள்ள சத்தை ஏற்க மறுத்துவிடும். வயிற்றுப்போக்கும் நாப்புண்ணும் வரும். உடல் மெலியும்; குருதி வெளிறும். உணவு எதிரிலிருந்தும் பட்டினி கிடப்பவரைப் போல நோயாளி தேய்ந்து போவார். அந்நோய் சுப்பாராவின் சகோதரர் இருவரை அடுத்தடுத்துக் கொண்டுபோயிற்று. அவரையும் பற்றியது. லட்சுமிபதியின் மருத்துவத்தால் அவர் உயிர் தப்பினார். தாம் கற்ற மருத்துவத்தில் இந்நோய்க்கு மருந்தில்லையே என்ற ஏக்கம் அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது. நோயின் வேரைத் தேட வேண்டுமானால் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று முடிவு செய்தார்.

கடல் கடந்து

காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையும் மாமனாரும் உதவ, சுப்பாராவ் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். 1923-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள் பாஸ்டன் நகரை அடைந்தார். சில ஆண்டுகளில் திரும்பிவிடுவார் என்று மனைவி காத்திருந்தார். ஆனால் அவர் தாய்நாட்டிற்குத் திரும்பவே இல்லை. அவர்களுக்குப் பிறந்த ஆண் மகவும் ஓராண்டு நிறையுமுன் இறந்துபோயிற்று. கடிதங்களே கணவனுக்கும் மனைவிக்கும் இடையே பாலமாயின. சுப்பாராவின் பெருமையைப் பேசும்போது, அதற்காகச் சேஷகிரி அம்மையார் செலுத்திய விலையையும் நாம் மறத்தல் ஆகாது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல நோய் மருத்துவம் பயின்றார். கையில் பணமில்லை. மருத்துவமனையொன்றில் இரவு நேர ஊழியராகச் சேர்ந்து, நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவிக் கூலி பெற்றார். இந்தியாவில் மருத்துவர் பட்டம் பெற்றவர், அங்கே அப்பணியை முகம் சுளிக்காமல் செய்தார். பகலில் படிப்பு, இரவில் உழைப்பு. எந்த வேலையும் இழிந்ததன்று என்னும் பாடத்தை நாம் இங்கே கற்றுக்கொள்கிறோம்.

நீல நிறம் காட்டிய உண்மை

பின்னர் சுப்பாராவ், சைரஸ் பிஸ்கே என்னும் பேராசிரியரின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். நம் உடலில் உள்ள தாதுக்களுள் பாஸ்பரஸ் இன்றியமையாதது. எலும்பிலும் பல்லிலும் அதுவே கால்சியத்தோடு சேர்ந்து உறுதி தருகிறது. குருதியிலும் தசையிலும் அது எவ்வளவு உள்ளது என்று துல்லியமாக அளக்க அன்று எளிய வழியில்லை. பிஸ்கேயும் சுப்பாராவும் அதற்கு வழி கண்டு 1925-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பாஸ்பேட் உள்ள நீர்மத்தோடு மாலிப்டேட் முதலிய பொருள்களைச் சேர்த்தால் நீல நிறம் தோன்றும். நீலம் அடர்ந்திருந்தால் பாஸ்பரஸ் மிகுதி, வெளிறியிருந்தால் குறைவு. பிஸ்கே சுப்பாராவ் முறை என்ற பெயரோடு அது உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பரவியது. உயிர்வேதியியல் மாணவர் இன்றும் அப்பெயரை அறிவர்.

இந்த முறையைக் கொண்டு தசையை ஆராயும்போது ஒரு புதுமை தென்பட்டது. வழக்கமாக நீல நிறம் விரைவில் முழுமை பெற்றுவிடும். தசைச் சாற்றிலோ நீலம் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே வந்தது. வேறு சிலராயின் சோதனையில் ஏதோ பிழை என்று கொட்டிவிட்டு மறுபடி தொடங்கியிருப்பர். இவர்கள் அந்தத் தாமதத்தையே ஆராய்ந்தனர். தசையில் ஏதோ ஒரு பொருள் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. சோதனையின்போது அது சிதைந்து பாஸ்பேட்டைச் சிறிது சிறிதாக விடுகிறது. அதனால்தான் நிறம் தாமதமாக ஏறுகிறது என்று தெளிந்தனர். அப்பொருளே பாஸ்போகிரியேட்டின். 1927-ஆம் ஆண்டில் இக்கண்டுபிடிப்பு வெளியாயிற்று. அதே காலத்தில் இங்கிலாந்தில் எக்கிள்டன் தம்பதியரும் தனியே ஆராய்ந்து இப்பொருளின் தடயத்தைக் கண்டிருந்தனர்.

தசையை மின்சாரத்தால் தூண்டி உழைக்கச் செய்தபோது இப்பொருள் குறைந்தது. ஓய்வு கொடுத்தபோது மீண்டும் நிறைந்தது. ஆகவே இது தசையின் சேமிப்புப் பணம் போன்றது என்று புரிந்தது. தசையின் சுருக்கத்திற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று அதுவரை கருதி வந்தனர். தசையைப் பற்றி ஆராய்ந்த ஹில், மயர்ஹாப் இருவருக்கும் 1922-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அளிக்கப்பட்டிருந்தது. அவர்களும் ஏற்றிருந்த அந்த லாக்டிக் அமிலக் கொள்கையைப் புதிய கண்டுபிடிப்பு மாற்றி எழுதச் செய்தது.

1929-ஆம் ஆண்டில் ஏ.டி.பி. என்னும் பொருளையும் பிஸ்கேயும் சுப்பாராவும் தசையிலிருந்து பிரித்தெடுத்தனர். ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதே ஆண்டில் அதைக் கண்டறிந்தார். ஏ.டி.பி. என்பதே உயிரணுக்கள் அனைத்தும் செலவிடும் நாணயம். தசை சுருங்கவும், நரம்பு தன் செய்தியை அனுப்பவும், இதயம் துடிக்கவும் அந்நாணயமே வேண்டும். தசையில் கைவசமுள்ள ஏ.டி.பி. இரண்டு மூன்று விநாடிகளின் கடும் உழைப்புக்கே போதும். அது தீரத் தீரப் பாஸ்போகிரியேட்டின் தன் பாஸ்பேட்டைக் கொடுத்து அதை உடனுக்குடன் புதுப்பிக்கிறது. ஏறத்தாழப் பத்து விநாடிகள் வரை இச்சேமிப்பு முன்நின்று உதவும். அதற்குள் மற்ற வழிகளும் ஆற்றல் தரத் தொடங்கிவிடும். ஓட்டக்காரரின் முதற்பாய்ச்சலுக்கு விடை இதுவே.

பிற தாதுக்களும் இங்கே கைகோக்கின்றன. மக்னீசியத்தோடு சேர்ந்தே ஏ.டி.பி. வேலை செய்கிறது. தசைக்குச் சுருங்கு என்று அடையாளம் காட்டுவது கால்சியம். நரம்பின் வழியே செய்தி ஓடுவது சோடியமும் பொட்டாசியமும் அணுவின் உள்ளும் புறமும் இடம் மாறுவதால். ஒன்று குறைந்தாலும் மற்றவை தடுமாறும்.

1930-ஆம் ஆண்டில் சுப்பாராவ் ஆய்வுப் பட்டம் பெற்றார். தொடர்ந்து ஈரலிலிருந்து உயிர்ச்சத்துகளைப் பிரிக்கும் ஆய்வில் இறங்கினார். பாந்தோதெனிக் அமிலம் பற்றி ஹிச்சிங்ஸ் என்பவரோடு சேர்ந்து ஆராய்ந்தார். ஹிச்சிங்ஸ் பின்னாளில், 1988-இல், நோபல் பரிசு பெற்றார். சுப்பாராவுக்கோ ஹார்வர்டில் நிலையான பேராசிரியர் பதவிகூடக் கிடைக்கவில்லை. 1940-ஆம் ஆண்டில் அவர் அங்கிருந்து விலகி, நியூயார்க் மாநிலத்துப் பேர்ல் ரிவரில் உள்ள லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். பின்னர் அதன் ஆராய்ச்சி இயக்குநரானார்.

கீரையில் மறைந்திருந்த சத்து

சுப்பாராவ் தேடிய சத்தின் கதையில் ஒரு பெண்மணிக்கு முதலிடம் உண்டு. அவர் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர். 1928-ஆம் ஆண்டில் பம்பாய்க்கு வந்தார். துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளைக் கடுமையான குருதிச் சோகை வாட்டியது. அதன் காரணத்தைத் தேடினார். 1929-இல் நம் குன்னூரில் பாஸ்டர் நிலையத்திலும், 1931-இல் சென்னைத் திருவல்லிக்கேணி கோஷா மருத்துவமனையிலும் தம் ஆய்வைத் தொடர்ந்தார். ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தபோது அப்பெண்களின் குருதி தேறியது. ஈஸ்ட்டில் ஏதோ ஒரு சத்து உண்டு. அது என்ன என்று மட்டும் அன்று தெரியவில்லை. வில்ஸ் காரணி என்றே அது அழைக்கப்பட்டது.

1941-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் சிலர் நான்கு டன் ஸ்பினாச் கீரையிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்தனர். இலையிலிருந்து வந்ததால், இலை என்று பொருள்படும் போலியம் என்ற இலத்தீன் சொல்லைக் கொண்டு போலிக் அமிலம் என்று பெயரிட்டனர். இலத்தீன் அறிந்த நம் அருட்சகோதரியருக்கு இப்பெயரின் பொருள் எளிதில் விளங்கும். ஆனால் டன் கணக்கில் கீரையையோ ஈரலையோ அரைத்து எத்தனை நோயாளிகளுக்கு மருந்து தர முடியும்? சுப்பாராவின் தலைமையில் லெடர்லி குழுவினர் இரவு பகலாக உழைத்து, 1945-ஆம் ஆண்டில் போலிக் அமிலத்தை வேதியியல் முறையில் ஆக்கிக் காட்டினர். அளவின்றிச் செய்ய வழி பிறந்தது.

அம்மருந்து ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. வெளிறிய குருதி சிவந்தது, நாப்புண் ஆறியது, பசி திரும்பியது. தம் சகோதரர்களைக் கொன்ற நோய்க்கு, இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, தாம் தலைமை தாங்கிய கூடத்திலிருந்தே மருந்து புறப்பட்டதைச் சுப்பாராவ் கண்ணாரக் கண்டார்.

குருதி தேறியது, நரம்பு தேறவில்லை

ஆனால் இங்கேதான் இயற்கை ஒரு கடினமான பாடத்தைக் கற்பித்தது. உயிர்கொல்லிச் சோகை என்று ஒரு நோய் உண்டு. அதில் குருதி கெடுவதோடு நரம்பும் கெடும். பாதம் மரத்துப்போகும். கண்ணை மூடி முகம் கழுவும்போது தள்ளாடும். இருட்டில் நடை தடுமாறும். முற்றினால் நடக்கவே இயலாது. ஈரலை நிறைய உண்டால் இந்நோய் தணியும் என்று 1926-ஆம் ஆண்டில் மைனாட், மர்பி என்னும் மருத்துவர்கள் பாஸ்டனில் கண்டிருந்தனர். ஈரலில் உள்ள அச்சத்து போலிக் அமிலம்தானோ என்ற நம்பிக்கை 1945-இல் எழுந்தது.

நோயாளிகளுக்குப் போலிக் அமிலம் கொடுத்தனர். குருதி தேறியது. எல்லாரும் மகிழ்ந்தனர். ஆனால் மாதங்கள் செல்லச் செல்ல, குருதி நன்றாக இருந்தவர்களுக்கே கால் மரத்தது, நடை தள்ளாடியது. நரம்பின் கேடு நிற்கவில்லை. சிலருக்கு விரைந்து வளரவும் செய்தது. குருதிக்கு உதவிய சத்து நரம்புக்கு உதவவில்லை என்பது 1946, 1947-ஆம் ஆண்டுகளில் உறுதியாயிற்று.

நரம்பைக் காக்கும் சத்து வேறு. மின்கம்பியைச் சுற்றி உறை இருப்பது போல் நரம்பைச் சுற்றியும் மயலின் என்னும் உறை உண்டு. அதைப் பேணுவதற்கு வைட்டமின் பி12 வேண்டும். அது 1948-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சிவந்த படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்டது. சுப்பாராவும் ஈரலில் பல ஆண்டுகள் தேடிய பொருள் அதுவே. அப்பேறு மற்றவர்க்குக் கிட்டியது. பி12-இன் சிக்கலான அமைப்பைப் பின்னர் வரைந்து காட்டியவர் டொரோத்தி ஹாட்ஜ்கின் என்னும் பெண் விஞ்ஞானி. அவருக்கு 1964-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதனால் போலிக் அமிலம் நரம்புக்குத் தொடர்பற்றது என்று எண்ணிவிடக் கூடாது. தாயின் வயிற்றில் கரு உருவான முதல் நான்கு வாரங்களுக்குள், மூளையும் தண்டுவடமும் ஆகவிருக்கும் குழல் மூடிக்கொள்ள வேண்டும். போலிக் அமிலம் குறைந்தால் அது மூடாமல் போகக்கூடும். குழந்தை முதுகுத்தண்டுக் குறையோடு பிறக்கும். ஏற்கெனவே அத்தகைய குழந்தையைப் பெற்ற தாய்மாருக்குக் கருத்தரிக்கும் முன்பே போலிக் அமிலம் கொடுத்தால், மறுபடி அக்குறை நேர்வது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது என்று 1991-ஆம் ஆண்டில் பிரிட்டனில் வெளியான ஆய்வு காட்டியது. பல தாய்மார் தாம் கருவுற்றதை அறிவதற்குள் அந்த நான்கு வாரம் கடந்துவிடுகிறது. ஆகவே பெண்ணுக்கு இச்சத்து முன்கூட்டியே உடலில் இருக்க வேண்டும். இதைப் பெற்றோர் மனத்தில் கொள்வார்களாக.

நம் கடற்கரைக்கும் வந்த மருந்து

சுப்பாராவின் ஆய்வுக்கூடம் வேறு நன்மைகளையும் தந்தது. போலிக் அமிலத்தைப் போலவே தோன்றி, அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களை அவர் குழு செய்தது. சிட்னி பார்பர் என்ற மருத்துவர் 1947-இன் இறுதி முதல் அவற்றுள் அமினோப்டெரின் என்பதைக் குருதிப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்து, நோய் சிறிது காலம் தணிவதைக் கண்டார். புற்றுநோய்க்கு மருந்து உண்டு என்ற நம்பிக்கைக்கு அது ஒரு தொடக்கம். 1948-இல் ஆரியோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் அக்கூடத்திலிருந்து வந்தது.

நம் மக்களுக்கு மிக நெருக்கமானது வேறொன்று. யானைக்கால் நோயின் கொடுமையைக் கடலோர ஊர்ப் பெரியவர்கள் நன்கு அறிவர். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குச் சென்ற அமெரிக்க வீரர்களை அந்நோய்க் கிருமி பற்றியபோது, அதற்கு மருந்து தேடப்பட்டது. 1947-ஆம் ஆண்டில் சுப்பாராவின் கூடம் ஹெட்ரசான் என்னும் டி.இ.சி. மருந்தைத் தந்தது. பின்னாளில் நம் கடலூர் மாவட்டம் உள்ளிட்ட பகுதிகளில் வீடு வீடாக வந்து ஆண்டுக்கொரு முறை கொடுக்கப்பட்ட யானைக்கால் தடுப்பு மாத்திரை அதுவே. அம்மாத்திரையை விழுங்கியவர்களுள் எத்தனை பேர் சுப்பாராவின் பெயரைக் கேட்டிருப்பர்?

1948-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், தம் ஐம்பத்து மூன்றாம் வயதில், சுப்பாராவ் உறக்கத்திலேயே காலமானார். பி12 பிரித்தெடுக்கப்பட்ட செய்தி வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அவர் நோபல் பரிசு பெறவில்லை. செய்தித்தாள்களில் தம் படம் வர விரும்பவில்லை. கண்டுபிடிப்பின் பெருமையை உடன் உழைத்தவர்களுக்கே விட்டுவிடுவார். 1953-இல் ஒரு பூஞ்சைக்கு அவர் நினைவாகச் சுப்பாரோமைசிஸ் என்று பெயர் சூட்டினர். இந்திய அரசு 1995-இல், அவருடைய நூற்றாண்டில், அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது.

நம் இலைக்கு வருவோம்

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது யாது? ஒரு சத்தின் வேலையை மற்றொரு சத்து செய்யாது. குருதி சிவந்திருப்பதைக் கண்டு நரம்பும் நலமாயிருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆகவே ஒரே பொருளை மிகுதியாக உண்பதைவிடப் பலவகை உணவையும் அளவோடு உண்பதே அறிவுடைமை. அதற்கு நம் ஊரில் குறையொன்றும் இல்லை.

போலிக் அமிலத்திற்கு அரைக்கீரையும் சிறுகீரையும் முருங்கைக்கீரையும் பயறு வகைகளும் இருக்கின்றன. கீரையை நெடுநேரம் கொதிக்க வைத்தால் அச்சத்து அழியும்; வெந்த நீரைக் கொட்டினால் அதோடு போய்விடும். ஆகையால் அளவாக நீர் விட்டு, சிறிது நேரமே வேகவைத்து, நீரோடு கடைந்து உண்ண வேண்டும். பி12 கீரையில் இல்லை. மீனிலும் நண்டிலும் மட்டியிலும் முட்டையிலும் பாலிலும் உண்டு. புலால் உண்ணாத குடும்பத்தார் பாலையும் தயிரையும் விடக் கூடாது. ஐயமிருந்தால் மருத்துவரைக் கேட்க வேண்டும். நாளொன்றுக்கு வேண்டியது ஏறத்தாழ 2 மைக்ரோ கிராம் மட்டுமே. ஆனால் அது இல்லாமல் நரம்பு இல்லை.

நெத்திலியை முள்ளோடு உண்டால் கால்சியம் கிடைக்கும். கேழ்வரகில் கால்சியத்தோடு மக்னீசியமும் உண்டு. வாழைப்பழமும் இளநீரும் பொட்டாசியம் தரும். வெயிலில் விளையாடினால் தசைக்கும் எலும்புக்கும் வேண்டிய வைட்டமின் டி தோலிலேயே உண்டாகும். நரம்புக்கு இன்றியமையாத பி1 சத்து நெல்லின் தவிட்டில் உள்ளது. நெல்லைப் புழுக்கும்போது அதில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பளபளப்பாகத் தீட்டிய பச்சரிசியைவிடப் புழுங்கல் அரிசி சிறந்தது என்பதன் காரணம் இதுவே. வெள்ளைச் சோற்றையே நம்பியிருந்த மக்களைப் பெரிபெரி என்னும் நரம்பு நோய் ஒரு காலத்தில் கீழை நாடுகளில் பேரளவில் வாட்டியது.

மாத்திரைகள் குறித்தும் ஒரு சொல். நாமாகவே கடையில் வாங்கிச் சத்து மாத்திரைகளை நெடுங்காலம் விழுங்குவது தவறு. பி6 என்னும் வைட்டமின் நரம்புக்கு வேண்டியதே. அளவு மிக அதிகமாகி நாள்பட்டால் அதுவே நரம்பைக் கெடுக்கும். மருத்துவர் சொன்னதை, சொன்ன அளவில், சொன்ன காலம் வரை உண்பதே முறை.

அரசின் திட்டப்படி பள்ளிகளில் வாரந்தோறும் வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையோ வேறு. அதில் இரும்போடு போலிக் அமிலமும் சேர்ந்திருக்கிறது. வயிற்றைப் புரட்டும் என்று அஞ்சி அதைக் கைக்குட்டையில் மறைப்பவரும், சன்னல் வழியே எறிபவரும் எங்கும் உண்டு. வெறும் வயிற்றில் உண்ணாமல் உணவுக்குப் பின் உண்டால் அத்தொல்லை குறையும். உடனே தேநீர் அருந்தக் கூடாது. தேநீர் இரும்பை உடலில் சேரவிடாது. நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொண்டால் இரும்பு நன்றாக ஏறும்.

அன்பு மாணவியரே! லூசி வில்ஸ் குன்னூரிலும் சென்னையிலும் தேடிய சத்து அம்மாத்திரையில் இருக்கிறது. இரவில் மலப்பாத்திரம் கழுவிப் பகலில் படித்த ஒரு மனிதரின் உழைப்பு அதில் இருக்கிறது. மருந்து காணாமல் இறந்த இரு சகோதரர்களின் நினைவும் அதில் இருக்கிறது. அதை எறிவதற்குமுன் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். தேர்வில் ஒருமுறை தவறினால் வாழ்வே முடிந்தது என்று அழும் தோழியிடம் சுப்பாராவின் மூன்றாம் மெட்ரிகுலேஷனைப் பற்றிச் சொல்லுங்கள். வெள்ளாற்றங்கரையிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் நமக்கு அண்மையில் இருக்கிறது. நம் கடலின் மீனிலும் பாசியிலும் இன்னும் கண்டறியாத சத்துகள் எத்தனையோ இருக்கலாம். அவற்றைத் தேடப்போகும் கைகளுள் நம் பள்ளி மாணவியரின் கைகளும் இருக்க வேண்டும் என்பதே நம் விருப்பமும் வேண்டுதலும் ஆகும்.